ஸ்கூபா டைவிங் கத்தி: எப்படித் தேர்வு செய்வது?

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுக்க மூச்சடக்கி மூழ்கியவர்களில் நம் சமுதாயத்தினரும் உண்டு. இன்று கோபாலபுரம் போன்ற சென்னைப் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் ஸ்கூபா பழகப் புதுச்சேரி வரை செல்கிறார்கள். அவர்களுக்குக் கத்தி வாங்கும் முன் நாம் அறிய வேண்டியவை:

எதற்காக: மீன் பிடிக்கவோ சுறாவை எதிர்க்கவோ அல்ல. கடலில் கைவிடப்பட்ட நைலான் வலையிலோ தூண்டில் நரம்பிலோ சிக்கினால், சிலிண்டரில் காற்று தீருமுன் விடுபடவே.

முனை: மழுங்கிய முனையே நல்லது. கூர்முனை, பதற்றத்தில் உடலையோ காற்றுக் குழாயையோ குத்திவிடும்.

அலகு: 3 முதல் 4 அங்குலம் போதும். கயிறு அறுக்க ஒருபுறம் ரம்பப் பல், நரம்பு அறுக்க மறுபுறம் கூர்மை வேண்டும்.

உலோகம்: டைட்டானியம் துருப்பிடிக்காது, விலை அதிகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புநீரில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

இடம்: இரு கைகளுக்கும் எட்டும்படி மார்புப் பகுதியில் மாட்டலாம். காலில் கட்டினால் உட்புறம் கட்டவும். வெளிப்புறம் இருந்தால் உறையே வலையில் மாட்டும். ஒரு கையால் உருவ முடிகிறதா என்று கடையிலேயே பார்க்கவும்.

பயணம்: விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை, செக்-இன் பெட்டியில் வைக்கவும்.

வலையில் சிக்கினால் உடலைச் சுழற்றக் கூடாது, இன்னும் இறுகும். அசையாமல் நின்று, உடன் இறங்கியவருக்குச் சைகை காட்ட வேண்டும். கத்தி இருக்கும் தைரியத்தில் தனியே இறங்குவது தவக்குல் ஆகாது. உயிர் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம்.