'நெதர்லாந்து மக்களுக்கு': ஒரு விளியின் அரசியல் வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெதர்லாந்து ஏழு மாகாணங்களின் கூட்டரசாக விளங்கியது. முடியாட்சி இல்லையெனினும், ஸ்டாட்ஹௌடர் என்னும் பதவியை வழிவழியாக வகித்த ஆரஞ்சுக் குடும்பத்தின் ஐந்தாம் வில்லெம், படைத் தலைமையையும் பதவி நியமனங்களையும் தம் வசம் வைத்திருந்தார். இச்சூழலில், உயர்பதவி எதனையும் வகிக்காத ஒரு பிரபு நாட்டின் அரசியல் போக்கை மாற்றினார். அவர் யோவான் டெர்க் வான் டெர் கப்பெல்லன் டொட் டென் போல் (1741-1784). அவர்தம் செல்வாக்கின் ஊற்றுக்கண் மொழிபெயர்ப்பும் அச்சும் ஆகும்.

1772இல் ஓவரெய்சல் மாகாண மன்றத்தில் அவர் இடம்பெற்றார். அவ்விடம் ஸ்டாட்ஹௌடரின் ஆதரவால் கிடைத்தது என்பது கருதத்தக்கது. 1774இல், ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ பிளெட்சர் குடிமக்கள் படையைப் பற்றி எழுதிய நூலை டச்சு மொழியில் பெயர்த்தார். 1776இல், அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆதரவாக ரிச்சர்டு பிரைஸ் எழுதிய குடியுரிமை பற்றிய நூலை மொழிபெயர்த்து வெளியிட்டார். அமெரிக்கர்களை ஒடுக்க ஸ்காட்டியப் படைப்பிரிவைக் கடனாகக் கேட்ட ஆங்கில அரசரின் வேண்டுகோளை 1775இல் மன்றத்தில் எதிர்த்த அவர், அவ்வுரையையும் அச்சேற்றினார். மன்றத்துக்குள் முடங்க வேண்டிய பேச்சு பொதுமக்களின் வாசிப்புக்கு வந்தது.

ஓவரெய்சல் உழவர்கள் ட்ரோஸ்ட் எனப்படும் வட்டார அதிகாரிக்கு ஆண்டுக்கு இரு நாள் ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. நம் கல்வெட்டுகள் கூறும் 'வெட்டி'யை ஒத்தது இது. இவ்வூழியம் சட்டத்துக்குப் புறம்பானது என நிறுவ முனைந்த அவரை, 1778இல் மன்றம் விலக்கி வைத்தது. 1782இல் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டார். 1783இல் அவ்வூழியம் ஒழிந்தது.

விலக்கப்பட்டிருந்த காலத்திலேயே அவர்தம் முதன்மையான ஆக்கம் தோன்றியது. 1781 செப்டம்பர் 25ஆம் நாள் இரவில், 'நெதர்லாந்து மக்களுக்கு' என்னும் பெயரிலாத் துண்டுநூல் பல நகரத் தெருக்களில் பரப்பப்பட்டது. இதில் முதற்கண் நோக்கத்தக்கது விளியே. அரசியல் விண்ணப்பங்கள் ஆள்வோரை விளித்த காலத்தில், இந்நூல் ஆளப்படுவோரை விளித்தது. டச்சு மொழியில் 'வோல்க்' என்னும் சொல் கப்பல் பணியாளரையும் வீட்டு ஏவலரையும்கூடக் குறிக்கும். அச்சொல்லையே அவர் நாட்டின் உரிமையாளருக்குப் பெயராக்கினார்.

கருத்தை விளக்கவும் வாசகர் அறிந்த உவமையையே அவர் கையாண்டார். நாடு கிழக்கிந்தியக் கம்பெனியைப் போன்ற ஒரு பெருங்கூட்டு. மக்கள் அதன் பங்குதாரர். ஆள்வோர் அவர்களால் அமர்த்தப்பட்ட நிருவாகிகளே என்பது அவ்வுவமை. சோழமண்டலக் கரையில் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கம்பெனியே அது. அமெரிக்கரைப் போலப் படைக்கலம் ஏந்துமாறு நூல் விடுத்த அழைப்பில், அவர் முன்னர்ப் பெயர்த்த பிளெட்சரின் கருத்து மீண்டும் ஒலிக்கிறது.

அதிகாரிகள் நூலைத் தடை செய்து, ஆசிரியரைக் காட்டிக்கொடுப்போருக்குப் பரிசும் அறிவித்தனர். எனினும் அது பன்முறை அச்சிடப்பட்டது. 1782இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கியவரின் சொந்த நூலே பெயர்க்கப்படும் நூலாயிற்று. பின்னர் ஊர்தோறும் எழுந்த 'தேசபக்தர்' குடிப்படைகள் அதன் அழைப்பைச் செயலாக்கின.

அவர் 1784இல் மறைந்தார். 1787இல் பிரஷ்யப் படை தேசபக்தர் இயக்கத்தை ஒடுக்கியது; 1788இல் அவர்தம் கல்லறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நூலின் ஆசிரியர் அவரே என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே உறுதிப்பட்டது. தம் பெயரை மறைத்தவர் மக்களுக்கு அளித்த பெயரோ 1795இல் எழுந்த பட்டாவியக் குடியரசில் ஆட்சிக்கு அடிப்படையாயிற்று.