ஜீப்பும் ஜோங்காவும்: பழுதுச் செலவின் வரலாறு

பழைய ஜீப்புக்கு விலை பேசப் போகிறவர் முதலில் விசாரிப்பது அது எந்த வருஷத்து மாடல் என்பதைத்தான். எஞ்சின் பிரித்ததா, எஃப்.சி. எதுவரை இருக்கிறது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு வரும். வயது ஏற ஏறச் செலவும் ஏறும் என்ற கணக்கு மனசுக்குள் ஓடுகிறது. ஆனால் இந்தியச் சாலைகளில் இவ்வகை வண்டிகள் ஓடிய முக்கால் நூற்றாண்டைத் திரும்பிப் பார்த்தால் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. நாற்பது வயது ஜீப்பை உள்ளூர்ப் பட்டறையில் விட்டு, கையிலிருக்கும் காசுக்கு ஓடவைத்து எடுத்திருக்கிறார்கள். பதினைந்து வயதுகூட ஆகாத சொகுசு எஸ்.யூ.வி. ஒரே ஒரு பழுதால் காயலான் கடைக்குப் போயிருக்கிறது. ஓர் உதிரியைச் செய்யவும் விற்கவும் மாட்டவும் எத்தனை பேருக்கு வழி இருந்ததோ, அதுதான் பழுதின் செலவைத் தீர்மானித்தது என்று சொல்வேன்.

இரண்டாம் உலகப் போருக்கென்று அமெரிக்காவில் செய்த ஜீப்புகள் ஆறு லட்சத்துக்கும் மேல். போர் முடிந்து, 1940-களின் கடைசியில் வில்லிஸ் நிறுவனத்திடமிருந்து பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் கோர்க்கத் தொடங்கியது மஹிந்திரா. அப்போது நம் நாட்டில் மோட்டார் தொழில் என்பதே கோர்க்கும் தொழில்தான். 1953-ல் சுங்கவரிக் கமிஷன் கொடுத்த பரிந்துரை நிலைமையை மாற்றியது. உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களே இங்கே இருக்கலாம் என்றானது. கோர்த்து விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவர்களுக்கு உதிரி வேண்டும், இறக்குமதிக்கோ கட்டுப்பாடு. அந்த நெருக்கடியிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும்தான் உதிரித் தொழில் வேர்பிடித்தது. சென்னை செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் வந்திருந்தது. பெங்களூரில் 1950-களின் தொடக்கத்தில் மைகோ. பாடியில் 1960-ல் வீல்ஸ் இந்தியா, அடுத்த ஆண்டு லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. பிஸ்டனும் டீசல் பம்பும் பிரேக்கும் டைனமோவும் உள்ளூர்ச் சரக்காகிவிட்டன. லைசென்ஸ் ஆட்சியில் புது மாடல் வருவதும் அபூர்வம். வில்லிஸ் நிறுவனத்தின் சி.ஜே.-3பி அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோனது. அதன் வழி வந்த ஜீப்புகள் இங்கே மேலும் பல பத்தாண்டுகள் தயாராயின. புது வண்டிக்குத் தவம் கிடந்தவர்களுக்கு அது பெரும் குறைதான். பட்டறைக்காரருக்கு அதுவே வரமாக அமைந்தது: ஒரு தலைமுறை பழகிய வேலை அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியானது.

அந்த ஜீப்புகள் பழுதே ஆகாதவை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறும். காரணம் பெரும்பாலும் முன் ஆக்சிலின் கிங் பின் பேரிங் தேய்ந்திருப்பதுதான். அதன் மூடியைக் கழற்றி, அடியில் தாள் போல் இருக்கும் ஷிம்களில் ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோ இறுக்கத்தைச் சரிசெய்வார்கள். அந்த ஷிம்முக்கு ஆகும் காசை யாரும் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை. ஸ்பிரிங் பட்டை ஒடியும், ஷாக்கிள் புஷ் தேயும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் கதை கொஞ்சம் நீளும். வில்லிஸ் வழி ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. கசியும் ஆயில் நேராக அதற்குள் போய் ஷூவை நனைக்கும்; மேட்டில் நிறுத்திய வண்டி நழுவும். விலை மலிவான ஒரு சீலை அசட்டை செய்தால் அடுத்து ஷூ, அப்புறம் கேஸுக்குள்ளேயே ஆயில் வற்றிப் பல்சக்கரம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஆனாலும் ஒவ்வொரு படியிலும் உதிரி கிடைத்தது, அதை மாட்டத் தெரிந்த கையும் இருந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், கடையில் கம்பெனி ஐட்டமும் லோக்கல் ஐட்டமும் கிடைக்கும், எங்குமே இல்லாததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் மலைப்பாதையில் தினமும் ஓட முடிந்தது இந்தத் தைரியத்தில்தான்.

எஞ்சினையே மாற்றும் அளவுக்கு அந்தத் தைரியம் போனது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியபின் ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கட்டுப்படியாகவில்லை. இன்டர்நேஷனல் டிராக்டரின் வழிவந்த டீசல் எஞ்சின் ஜீப்புக்குள் ஏறியது. 1980-களில் பியூஜோவிடம் உரிமம் வாங்கிய 2,112 சி.சி. டீசல் வந்தது. கமாண்டர், மார்ஷல், அர்மடா என்று பெயர்கள் மாறினாலும் உள்ளே இருந்த எஞ்சினும் ஆக்சிலும் பெரும்பாலும் ஒரே குடும்பம். ஒரு வண்டி செத்தால் அதன் உறுப்புகள் பத்து வண்டிகளைப் பிழைக்க வைத்தன.

பொறி எளிமையானது, அதனால் செலவும் குறைவு. இதற்குச் சந்தை, கொள்கை என்று சுற்றுவானேன் என்று கேட்கலாம். அதற்கு ஜோங்காவே சாட்சி. நிஸ்ஸான் பேட்ரோலை உரிமம் பெற்று, ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1999 வரை செய்த வண்டி அது. பட்டை, கார்புரேட்டர், இரும்புச் சட்டம் என எல்லாமே ஜீப்பைப் போல எளிய அமைப்பு. ஆறு சிலிண்டர், நாலு லிட்டர் எஞ்சினின் வலுவும் கூடுதல். ஆனால் அது பெரும்பாலும் ராணுவத்துக்காக ஒரே ஆலையில் செய்த வண்டி. ஏலத்தில் எடுத்தவர்களுக்கு உதிரி என்றால் ராணுவம் கழித்துப்போட்ட சரக்குதான். பலர் மூல எஞ்சினையே கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பெட்ரோல் குடித்தது ஒரு காரணம் என்பது உண்மைதான். உதிரிக்கு அலைந்த அலைச்சல் இன்னொன்று. பொறி எளிமையாக இருந்தும் ஜோங்காவைப் பழுது பார்ப்பது மலிவாகவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பழுது மலிவாக இருந்தது மெக்கானிக்கின் கூலி மலிவாக இருந்ததால்தான், பட்டறைகளில் எடுபிடியாக நின்ற சிறுவர்களின் உழைப்பும் அந்த மலிவுக்குள் அடங்கியிருக்கிறது என்பது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. முறையான பயிற்சியும் பாதுகாப்பும் இன்றிக் கிரீஸில் வளர்ந்த பிள்ளைகள் செலுத்திய விலை எந்த பில்லிலும் ஏறவில்லை. ஆயினும் ஜோங்காவைப் பிரித்த கைகளும் அதே கூலிக்கு உழைத்தவைதாம். கூலி ஒன்றாக இருந்தும் செலவு இரண்டு விதமானதென்றால் வித்தியாசம் உதிரியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்த வித்தியாசம் இன்று நம் எல்லோர் வாசலுக்கும் வந்துவிட்டது. 2002-ல் வந்த மஹிந்திராவின் ஸ்கார்பியோ சில ஆண்டுகளிலேயே காமன் ரெயில் டீசல் எஞ்சினுக்கு மாறியது. பழைய டீசலில் புகை கூடினால் நாசிலைக் கழற்றி, கையால் அடிக்கும் பம்பில் சோதித்துச் சரிசெய்வார்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டுகிறது. இன்ஜெக்டருக்குத் தனி சோதனை மேடை வேண்டும், மாற்றியதும் அதன் எண்ணை வண்டியின் கணினிக்குள் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தக் கருவியும் தகவலும் யாரிடம் இருக்கின்றன என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது இதற்காகத்தான்: வெளிப் பட்டறைகளுக்கு உதிரியையும் சோதனைக் கருவிகளையும் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது.

பழைய வண்டி புகை கக்கும், மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்காது, அதை ஓட்டிக்கொண்டிருக்க ஏன் வாதாட வேண்டும் என்பார்கள். புகை, பாதுகாப்பு இரண்டிலும் அவர்கள் பக்கமே நியாயம். 15 ஆண்டு தாண்டிய காரை மறுபதிவு செய்யும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனதற்கும் அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்தக் கட்டணம் புகையை அளந்து வாங்குவதில்லை. வயதைப் பார்த்து வாங்குகிறது. எஞ்சினை நன்றாக வைத்திருப்பவரும் கருப்புப் புகையோடு போகிறவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். இன்ஜெக்டரைச் சரிசெய்தால் புகை குறையும். அதைத் தன் ஊர்ப் பட்டறையிலேயே, கட்டுப்படியாகும் செலவில் செய்துகொள்ள வழியில்லாதவர்தான் பழுதோடு வண்டியை ஓட்டுகிறார்.