தொலைவிலிருந்து வழுக்களைதல்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பொறி பழுதுற்றால் அதனைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசெல்வதா, அன்றித் திருத்தும் அறிவைப் பொறி இருக்குமிடத்துக்குக் கொண்டுசெல்வதா என்னும் வினா கைத்தொழில் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. இலக்கணத்தார் வழங்கிய 'வழு' என்னும் சொல் இன்று கணினி நிரலின் குற்றத்தையும் சுட்டுகின்றது. அவ்வழுவைத் தொலைவிலிருந்து களையும் முறையின் வளர்ச்சியையும், அதன் சமூகப் பொருளையும் நாம் இங்கு நோக்குவோம்.

முதலாவது வழியின் இடர்ப்பாட்டைத் திருகோணமலை கண்டுள்ளது. பம்பாயிற் கட்டப்பட்டு இத்துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்ட 23ஆம் இலக்க மிதக்கும் உலர்துறை, 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் 'வேலியன்ற்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைத் தூக்கியபோது முறிந்து மூழ்கியது. கப்பலின் பாரப் பகிர்வுக்கு ஏற்ற ஒழுங்கில் நீர்த்தொட்டிகள் கையாளப்படாமை காரணமாகக் கூறப்படுகின்றது. திருத்துமிடம் அழிந்தது, கப்பலின் உந்துசுழலிகளும் சேதமுற்றன. பொறி முழுவதையும் சுமக்கவேண்டிய திருத்துமிடம் அப்பொறிக்கு ஈடான வலிமை உடையதாதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

கணினித் துறை இதற்கு மாறான வழியைக் கண்டது. தொடக்ககால நிரலாளர் பொறியின் முன்னிருந்தே வழுவைத் தேடினர். நுண்செயலிகள் கருவிகளினுள்ளே புகுந்தபின் அது இயலாதாயிற்று. திரையோ விசைப்பலகையோ போதிய நினைவகமோ அற்ற கருவியில் வழுநீக்கி முழுவதும் இயங்குமாறில்லை. எனவே பணி இரண்டாகப் பகுக்கப்பட்டது. பெரும்பகுதி ஆய்வாளரின் கணினியிலே தங்கும். இலக்குப் பொறியில் ஒரு சிறு முகவர்நிரல் மட்டுமே இருக்கும். நினைவகத்தைப் படித்தல், பதிவகங்களைக் காட்டுதல், நிரலை நிறுத்துதல், தொடரவிடுதல் என்பனவே அம்முகவரின் கடமைகள். றிச்சர்ட் ஸ்டோல்மன் 1986இல் குனு இயக்கத்துக்காக எழுதிய ஜி.டி.பி. என்னும் வழுநீக்கி இம்முறையைப் பரவலாக்கியது. அதன் கட்டளைகள் சரிபார்ப்புத் தொகையுடன் கூடிய சிறு பொதிகளாகத் தொடர்கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ செல்கின்றன.

இவ்வமைப்பு பயன்தர மூன்று பொருத்தங்கள் வேண்டும். முதலாவது, இலக்குச் செயலியின் கட்டமைப்பையும் பைற்று ஒழுங்கையும் வழுநீக்கி அறிந்திருத்தல். இரண்டாவது, இலக்கில் ஓடும் நிரல் எந்த மூலத்திலிருந்து தொகுக்கப்பட்டதோ, அதே தொகுப்பின் குறியீட்டுத் தகவல் ஆய்வாளரிடம் இருத்தல். மூன்றாவது, இலக்கிலுள்ள நூலகக் கோப்புகளின் ஒத்த படிகளை ஆய்வாளர் தம் கணினியில் வைத்து, அவற்றின் இருப்பிடத்தை வழுநீக்கிக்கு அறிவித்தல். இவற்றுள் ஒன்று பிறழினும் வழுநீக்கி காட்டும் வரிகள் பொய்வரிகளாகும்.

இம்முறையின் எல்லையை 1997 யூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய 'பாத்ஃபைண்டர்' விண்கலம் காட்டிற்று. அதன் கணினி மீண்டும் மீண்டும் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்தது. பொறியியலாளர் பூமியிலிருந்த ஒத்த பொறியில் அந்நிலையைத் தோற்றுவித்து, தாழ்ந்த முன்னுரிமைப் பணி பற்றியிருந்த பூட்டுக்காக உயர்ந்த பணி காத்திருந்தமையைக் கண்டனர். திருத்தத்தைத் தொலைவிலிருந்தே அனுப்பினர். ஆய்வுக்குரிய வசதிகள் ஏவப்பட்ட மென்பொருளிலேயே விடப்பட்டிருந்தமை இதற்குத் துணையாயிற்று.

ஆயினும் அவ்வாறு விடப்படும் வாயில் எவர்க்கும் வாயிலே. ஜி.டி.பி.யின் இலக்குமுகவர் வருவோரை அடையாளம் வினவுவதில்லை. இணைப்பவர் எவராயினும் நிரலின் தலைவராகிவிடுவார். ஆதலால் மறைகுறியிட்ட சுரங்கவழியினூடாகவே அதனை அணுகுதல் வேண்டும். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர்க்கும், அவரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்க்கும் கைமாறிய துறைமுகம் திருகோணமலை. ஆழ்ந்த இயற்கைத் துறையாயினும் காவலின்றேல் பிறர்க்கே பயன்படும் என்பதை இவ்வூர் வரலாறு அறியும்.

இங்கேதான் அடிப்படை வினா எழுகின்றது. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நிலமும் நீரும் கைமாறுதல் ஒன்று. பொறிகளின் உள்ளறிவு கைமாறுதல் பிறிதொன்று. மூலநிரலும் குறியீட்டுத் தகவலும் இன்றி வாங்கப்படும் கருவியை நம்மிடமே வைத்திருப்பினும், அதன் வழுவை அறியும் ஆற்றல் விற்றவரிடமே இருக்கும். தொலைநிலை வழுநீக்கம் அந்நிலையில் தொலைநிலை ஆட்சியாகவும் மாறலாம். அதே கருவி மூலத்துடன் கிடைக்குமாயின், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்து மாணவரும் உலகின் எப்பொறியையும் ஆராயவல்லவராவர். தொலைவு தடையன்று, மூலம் எவர் கையில் உள்ளது என்பதே வினா. கட்டற்ற மென்பொருளை வெறும் சிக்கனமாகவன்றி அறிவுரிமையாக நாம் கொள்ளவேண்டியது இதனாலேயே.