வடிவமைப்பு மடிக்கணினியின் வரலாறு

வடிவமைப்பு மடிக்கணினி என்பது கட்டட வரைபடம், இயந்திர உறுப்பு, அசைபடம் முதலியவற்றைத் திரையில் உருவாக்கப் பயன்படும் கணினி ஆகும். இதில் இரு வேலைகள் உள்ளன. உருவத்தை வரைந்து அமைப்பது மாடலிங். அவ்வுருவத்திற்கு ஒளி, நிழல், நிறம் கணக்கிட்டு முழுப் படமாக்குவது ரெண்டரிங். இவ்விரு வேலைகளின் சுமையும் கணினியின் ஒரே உறுப்பின்மேல் விழுவதில்லை. எனவே, எந்த உறுப்புக்குப் பணம் செலவிடுவது என்ற கேள்விக்கு விடை காண இவற்றின் வரலாறு உதவும்.

தொடக்க காலம்

1963இல் ஐவன் சதர்லாண்ட், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைய அது வழி செய்தது. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட், வரைபடப் பணியை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. மாடலிங்கில் ஒவ்வொரு படியும் பெரும்பாலும் முந்தைய படியின் விடையைச் சார்ந்திருக்கும். ஆகவே அதற்கு வேகமான மையச் செயலியே இன்றும் முதல் தேவை.

ரெண்டரிங்கின் சுமை

1980இல் டர்னர் விட்டெட், ஒளிக்கதிரின் பாதையைப் பின்தொடர்ந்து நிழலையும் பிரதிபலிப்பையும் கணக்கிடும் முறையை விளக்கினார். அது இயல்பான படத்தைத் தந்தது. ஆனால் கணக்கோ மிகப் பெரிது. முழுவதும் கணினியில் உருவான முதல் முழுநீளத் திரைப்படமான 'டாய் ஸ்டோரி' 1995இல் வெளியானது. அதன் ரெண்டரிங்கிற்கு 117 கணினிகள் பயன்பட்டன.

படத்தின் ஒரு புள்ளிக்கான கணக்கு அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எனவே பல சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் வேலையைப் பங்கிடலாம். வரைகலைச் செயலியின் அமைப்பு இதற்கு ஏற்றது. 1999இல் என்விடியா தனது ஜீபோர்ஸ் 256ஐ 'ஜிபியு' என்ற பெயருடன் அறிமுகம் செய்தது. 2007இல் வெளியான 'கூடா', அச்செயலியைப் பொதுவான கணக்குகளுக்கும் திறந்துவிட்டது. 2011இல் பிளெண்டர் மென்பொருளில் 'சைக்கிள்ஸ்' சேர்ந்தபின், இலவச மென்பொருளிலும் ஜிபியு ரெண்டரிங் கிடைத்தது. கதிர்க் கணக்குக்கெனத் தனிச் சுற்றுகள் கொண்ட ஆர்டிஎக்ஸ் வகை 2018இல் அறிமுகமாகி, மறு ஆண்டு மடிக்கணினிக்கு வந்தது.

பெயரும் திறனும்

மடிக்கணினியின் பெரிய தடை வெப்பம். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயரில் மேசைக் கணினிக்கு வந்த அட்டையில் 24 ஜிபி வரைகலை நினைவகம் உண்டு. அது 450 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அதே எண்ணுடன் மடிக்கணினிக்கு வந்ததில் 16 ஜிபியே உண்டு; அடிப்படை மின்வரம்பு 80 முதல் 150 வாட் வரை. அந்த வரம்பைக் கணினித் தயாரிப்பாளரே தீர்மானிப்பதால், ஒரே சிப் கொண்ட இரு மடிக்கணினிகளின் வேகமும் வேறுபடும். பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

தேர்வு

தளவரைபடம் மட்டும் வரையும் மாணவருக்கு விலையுயர்ந்த வரைகலைச் செயலி தேவையில்லை. வேகமான மையச் செயலியும் 16 ஜிபி ரேமும் போதும். முப்பரிமாண ரெண்டரிங் செய்வோர் 32 ஜிபி ரேமையும், வரைகலை நினைவகத்தின் அளவையும், வாட் வரம்பையும் பார்க்க வேண்டும். காட்சிக்கான தரவு வரைகலை நினைவகத்தில் அடங்காவிட்டால் ரெண்டரிங் மிகவும் மெதுவாகும் அல்லது நின்றுவிடும். நிறம் பார்த்து வேலை செய்பவர்கள் எஸ்ஆர்ஜிபி நிற வரம்பை முழுமையாகக் காட்டும் திரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எஸ்எஸ்டியைப் பல மடிக்கணினிகளில் பின்னர் மாற்றலாம். வரைகலைச் செயலியோ பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சில வகைகளில் ரேமும் அவ்வாறே. படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டிய கணினியில், பிறகு மாற்ற முடியாத உறுப்புக்கே முதலில் பணம் ஒதுக்குவது சிக்கனம்.