திரைத்தமிழ் எழுதிய வரலாறு

கட்டபொம்மன் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது சிவாஜி கணேசனின் முகம். 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனை அவர் சந்தித்தது வரலாறு. அங்கே முழங்கும் உரையாடலோ சக்தி கிருஷ்ணசாமியின் ஆக்கம்.

பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959 மே மாதம் வெளிவந்தது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்து மூன்றாண்டு நிறையாத காலம் அது. புதிய மொழிவழி மாநிலத்திற்கு ஒரு வீரமுகம் வேண்டியிருந்தது. தெலுங்கு வழிவந்த பாளையக்காரரைத் தமிழர் தம்மவராகவே கொண்டாடினர். அது மொழியின் வெற்றி.

அதே மாதம் வெளியான கண்ணதாசனின் 'சிவகங்கைச் சீமை' அவ்வெற்றியை எட்டவில்லை. 1801-இல் நாட்டு மக்கள் அனைவரையும் அறைகூவி அழைத்துத் தூக்கேறிய மருது சகோதரர், மக்கள் நினைவில் பின்வரிசையிலேயே நின்றனர்.

சொல் வாய்த்தவர் வாழ்கின்றார். வாய்க்காதவர்க்குச் சொல் வழங்குதல் கவிஞர் கடன்.