குளியலறை வந்த வழி



வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கொடிகளும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற நானும் மன்னர்களின் ஆட்சியாண்டுகளையே மாணவர்களுக்கு உருப்போட வைத்தவன். வீட்டின் கொல்லைப்புறத்திற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நான் உணர்ந்தது பள்ளிக்கூடத்தில் அன்று. அம்பத்தூரில் நான் கட்டிய சிறு வீட்டின் குளியலறையில். அதனைப் பிறகு சொல்லுகின்றேன்.

மொகஞ்சதாரோவைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அங்குள்ள பெருங்குளத்தையே நாம் பெரிதாகப் பேசுவோம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது அது. நீர் கசியாதிருக்க அதன் சுவரில் நிலக்கீல் பூசியிருந்தனர். ஆனால், என் வியப்பெல்லாம் அந்நகரின் வீடுகளுக்குள் இருந்த சிறு குளியல் மேடைகளின் மீதுதான். சுட்ட செங்கற்களைத் தேய்த்து, இடுக்குத் தெரியாதபடி நெருக்கிப் பதித்து, தளத்தை ஒரு மூலையை நோக்கிச் சரித்து, அழுக்குநீரைத் தெருவின் வடிகாலில் கொண்டு சேர்த்திருக்கின்றார்கள். இடுக்கு இருத்தலாகாது, நீர் தேங்குதலாகாது. இன்றைக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்விரண்டையும் அறிந்திருந்தனர். எளிதில் கழுவத்தக்க குளியலறைக்கு இதனினும் மேலான இலக்கணத்தை இன்றுவரை எவரும் வகுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊர்ப்பக்கத்திற்கு வருவோம். பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் குளியலறை என்று தனியே ஓர் அறை இருந்தது அரிது. கிணற்றடியே குளியலறை. அங்கே ஒரு துவைகல், நிற்பதற்கு ஒரு பட்டைக்கல், பெண்களுக்காகத் தென்னோலைத் தடுப்பு; வெந்நீருக்கு மூன்று கல் அடுப்பின்மேல் ஒரு தவலை. குளித்த நீர் வாழைக்கும் சேம்புக்கும் பாயும். வெயில் அடித்தவுடன் கல் காய்ந்துவிடும். கழுவுவதற்கென்று எவரும் தனியே முயல வேண்டியதில்லை. கதிரவனே அவ்வேலையைச் செய்தான்.

இதனைப் பொற்காலம் என்று புகழ நான் ஒருப்படேன். கிணற்றடி தூய்மையாக இருந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. மலங்கழிக்கும் இடத்தை வீட்டிலிருந்து நெடுந்தொலைவில் வைத்தோம்; அல்லது நகரத் தெருக்களில், வீட்டுப் பின்புறச் சந்தின் வழியே ஒரு மனிதர் வந்து தலைச்சுமையாக எடுத்துச் செல்லும்படி வைத்தோம். நம் தூய்மை அவர் தலைமேல் ஏற்றப்பட்டிருந்தது. இக்கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், 2013இல் அதனினும் விரிவான ஒரு சட்டமும் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, ‘எளிதில் கழுவத்தக்கது’ என்று ஒருவர் சொல்லும்போது, யாருக்கு எளிது என்று கேட்பது என் வழக்கம்.

இந்நிலையை மாற்றுதற்கு உதவியது ஒரு வளைந்த குழாய். 1775இல் இலண்டனில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர், கழிவறைக் குழாயைப் பாம்புபோல் வளைத்து, வளைவில் சிறிது நீர் எப்போதும் தங்கும்படி செய்தார். தங்கிய நீர் கதவுபோல் நின்று சாக்கடை நாற்றத்தை மேலே வரவொட்டாமல் தடுத்தது. அதற்குப் பின்னரே கழிவறை வீட்டுக்குள் வரத் துணிந்தது. நம் கொத்தனார்கள் ‘நானி டிராப்’ என்று வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. குளிக்குமிடத்தைக் குறிக்கும் வடநாட்டுச் சொல் தேய்ந்து அவ்வாறாயிற்று. நீண்ட நாள் புழங்காத குளியலறையில் நாற்றம் வீசினால் பினாயிலைத் தேடி ஓட வேண்டா; வளைவில் இருந்த நீர் வற்றியிருக்கும். ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும்.

வளைகுழாய்க்கு நீர் வேண்டுமே! சென்னை நகருக்குச் செங்குன்றம் ஏரியின் நீர் 1872இல் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. 1914இல் மணல் வடிகட்டிகள் அமைந்தன. ஏரி எங்கள் பக்கத்தில். குழாயோ நகரத்தின் பக்கம். நாங்கள் கிணற்றையே நம்பியிருந்தோம். 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. தொழிலாளர் குடும்பங்கள் திரண்டு வந்தன, தோப்புகள் மனைகளாயின. ஒரு மனை என்பது அரைக் கிரவுண்டு அல்லது ஒரு கிரவுண்டு. அதில் கிணற்றடிக்கு ஏது இடம்? குளியலும் கழிவறையும் ஒன்றாகச் சேர்ந்து, கதிரவனைக் காணாத ஓர் அறைக்குள் புகுந்தன. கதிரவன் செய்த வேலை வீட்டுப் பெண்களின் மேல் விழுந்தது.

நான் வீடு கட்டியது 1994இல். மேஸ்திரி பழுத்த அனுபவசாலி. “ஐயா, ஓடு பதிக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்துவிடுவோம், இரண்டு நாள் பொறுங்கள்” என்றார். புதுமனை புகுவிழாவிற்கு நாள் குறித்தாயிற்று என்று சொல்லி நான் மறுத்துவிட்டேன். ஓட்டையும் நானே தேர்ந்தெடுத்தேன். கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளை ஓடு. பளபளப்பே தூய்மை என்று எண்ணிய அறியாமை! நீர் வடிகாலுக்குப் போகாமல் வாசற்படியை நோக்கி வந்து தேங்கியது. இரண்டாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்து முழுகிய என் அன்னையார் அத்தேக்கத்தில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் கைத்தடியின்றி அவர் நடந்ததில்லை.

அறையை இடித்து மீண்டும் கட்டினேன். அதே மேஸ்திரியைத்தான் அழைத்தேன். இம்முறை அவர் சொன்னதைக் கேட்டேன். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். வடிகால், வாசலுக்கு எதிர்மூலையில். தரைக்குச் சொரசொரப்பான பெரிய ஓடு; ஓடு பெரிதானால் இணைப்புக் குறையும், இணைப்புக் குறைந்தால் பாசி ஒளியும் இடமும் குறையும். சுவரும் தரையும் கூடும் மூலைகளைச் செங்குத்தாக விடாமல், மருத்துவமனைகளில் செய்வதுபோல், உருட்டிப் பூசினார். முன்னே சோப்பு வைக்கவென்று நான் ஆசையாய்க் கட்டுவித்த மாடங்கள் மூன்றனுள் இரண்டை அடைத்துவிட்டார். “மாடம் ஒன்று, வேலை ஒன்று” என்பது அவர் கணக்கு. மேற்குச் சுவரில் பெரிய சாளரம் வைத்தோம். மாலை வெயில் ஒரு நாழிகையேனும் தரையில் விழுகின்றது.

எங்கள் பகுதி நீரைப் பற்றியும் ஒரு சொல். ஆழ்குழாய் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது காயுந்தோறும் வெண்படலம் படியும். இரும்பு கலந்திருந்தால் பழுப்புக் கறை. இதற்குப் பலர் ஆசிட் புட்டியை எடுத்து ஊற்றுகின்றனர். அது கறையோடு ஓட்டிடையேயுள்ள சிமெண்டையும் தின்றுவிடும். மொசைக் தரையாயின் அதிலுள்ள சலவைக்கல் சில்லுகளையும் அரிக்கும். அரித்த இடம் சொரசொரக்கும். அங்கே அடுத்த அழுக்கு முன்னினும் விரைவாகப் பற்றும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேரக் கொட்டுவதோ உயிருக்கே கேடு. அதிலிருந்து எழுவது குளோரின் நச்சுக்காற்று. குளித்து முடித்ததும் சுவரையும் தரையையும் இழுப்பானால் ஒருமுறை வழித்துவிட்டால் நீர் காய்ந்து படிய வாய்ப்பே இல்லை. படிந்துவிட்ட இடத்தில் புளிக்கரைசலைத் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பேன். பித்தளைக்குப் புளி இடும் வீட்டில் இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஓடு பதித்து முடிந்த அன்று மேஸ்திரி ஒரு வாளி நீரை வாசற்பக்கம் சாய்த்தார். நீர் முழுதும் எதிர்மூலைக்கு ஓடி வடிந்தது. எனக்கு நிறைவு உண்டாயிற்று. வாசலில் நாற்காலி இட்டு அமர்ந்திருந்த அன்னையாருக்கு உண்டாகவில்லை. பேரன் வைத்திருந்த கோலிக்குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, படியருகே மெல்ல வைத்துக் கைவிட்டார். அது சற்றுத் தயங்கி நின்றது. பின் மெதுவாக உருண்டு சென்று வடிகால் மூடியில் ‘டக்’ என்று மோதி நின்றது.

“சரி, மேஸ்திரிக்கு இலை போடச் சொல்” என்றார்.