உதட்டுக் கொப்புளத்தின் கதை



காய்ச்சல் விட்டதும் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்பும். "சூடு" என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுவோம். ஆனால் அதன் வரலாறு நீண்டது.

பழைய கிரேக்க மருத்துவர்கள் தோலில் பரவும் புண்களை ஹெர்பிஸ் என்றார்கள். ஊர்வது என்று பொருள். 1919இல் லோவென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் கொப்புள நீரால் முயலின் கண்ணில் நோயை உண்டாக்கி, இது தொற்று என்று காட்டினார். ஒருமுறை புகுந்த வைரஸ் முகத்து நரம்பு முடிச்சில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும் என்பது பின்னர் தெரிந்தது. காய்ச்சலும் வெயிலும் மன அழுத்தமும் அதை எழுப்பும். "சூடு" என்ற நமது பெரியவர்கள் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை.

1970களில் அசைக்ளோவிர் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. வைரஸ் புகுந்த கலத்தில் மட்டும்தான் அது வேலை செய்யத் தொடங்கும். அந்த ஆய்வை வழிநடத்தியவர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதால் வேலை மறுக்கப்பட்டவர், கலாநிதிப் பட்டத்தை முடிக்காதவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். நமது பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மருந்தைக் கொப்புளம் கிளம்பும் முன், உதடு குறுகுறுக்கும்போதே தொடங்கினால்தான் நல்ல பலன்.

முக்கியமான ஒன்று: பெரியவருக்கு இது சிறு புண். பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. உதட்டில் புண் இருந்தால் பிள்ளை பார்க்கப் போன வீட்டில் கொஞ்ச வேண்டாம். தஹ்னீக் செய்வதையும் வேறொருவரிடம் விடுங்கள். தூர நின்று துஆச் செய்தாலே போதும்.